பாய்லர்காரரின் டவுட்

அந்தச் சலவை ஆலையில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் நாலு பேர் முழிப்பார்கள். ‘ஆவி’ எங்கே என்று கேட்டால் வாசல் காவலாளியே கையை நீட்டி வழி காட்டிவிடுவார். பாய்லர் பார்க்கிறவர் என்பதால் விழுந்த பட்டப்பெயர். ஆனால் ஒல்லி உடம்பும், ஓசைப்படாமல் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கிற பழக்கமும் சேர்ந்து, பேய் என்ற இன்னொரு அர்த்தத்துக்கும் அந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்தித் தொலைத்தது. அவர் அதற்காக யாரையும் கோபித்துக்கொண்டதில்லை. சின்னப் பையன்கள் ‘ஆவி அண்ணே’ என்று கூப்பிட்டால் ‘என்னப்பா’ என்று திரும்புவார்.

ஊரில் இருக்கும் பெரிய ஹோட்டல்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் அந்த ஆலைக்குத்தான் வெளுக்க வரும். முன்கட்டில் ஆளுயரச் சலவை இயந்திரங்கள். அதற்கடுத்து, ஈரத் துணியை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் அப்பளம் மாதிரி மொடமொடவென்று வெளியே தள்ளும் உருளை இஸ்திரி. கடைசியில் மடிப்பு மேசைகள். இத்தனைக்கும் சூடு போவது பின்கட்டில் இருக்கும் ஒரே ஒரு பாய்லரிலிருந்து. பாய்லர் அணைந்தால் ஆலை படுத்துவிடும். இது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்.

அவருடைய மனைவியும் அதே ஆலையில்தான், தையல் அறையில், கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போடும் வேலை. பிள்ளை இல்லை. மனைவியின் தங்கை ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்துக்கொண்டு அவர்கள் வீட்டு மாடியறையில் தங்கியிருந்தாள். அக்காவும் தங்கையும் சேர்ந்துவிட்டால் வீட்டில் அவருடைய பேச்சு எடுபடாது. அதிலும் அவருக்கு வருத்தமில்லை.

வருத்தமில்லாததற்கு ஒரு காரணம் உண்டு. ஆலையில் தன் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். பாய்லருக்குப் பொறுப்பான இன்ஜினியர் வேறு நாட்டுக்காரர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அந்த நிறுவனத்தின் மூன்று ஆலைகளுக்கும் சேர்த்து அவர் ஒருவரே. ஆதலால் பாதி வேலையை ஃபோனிலேயே நடத்துவார். மெல்லிய குரல், மரியாதையான மனிதர். பாய்லர்காரர் தன்னிடமிருந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொல்வார். அந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. வால்வில் ஒட்டியிருக்கும் தகட்டிலிருந்தும், வருகிற போகிற மெக்கானிக்குகள் வாயிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்தது. அவர் எதைச் சொன்னாலும் இன்ஜினியர் கடைசியில் ‘இஃப் யூ ஸே ஸோ’ என்பார். நீ சொன்னால் சரிதான் என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்து சொல்வார். “அவ்வளவு படிச்ச மனுஷன், என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது தெரியுமா.” மனைவி நூல் கோத்துக்கொண்டே தலையாட்டுவாள்.

சம்பவம் நடந்த வாரத்தில் பாய்லர் தண்ணீரைக் கூடுதலாகக் குடிக்க ஆரம்பித்தது. ஆலைக்குள் போய் வேலை செய்த நீராவி குளிர்ந்து தண்ணீராகித் தொட்டிக்குத் திரும்பி வரும். குறைகிற கொஞ்சத்தை மட்டும் புதுத் தண்ணீர் விட்டு நிரப்ப வேண்டும். அந்தப் புதுத் தண்ணீர் மீட்டர் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயிற்று. பாய்லருக்குள் கட்டுக்கட்டாக இரும்புக் குழாய்கள் இருக்கும். அவற்றில் ஏதோ ஒன்று ஓட்டை விழுந்து, தண்ணீர் உள்ளுக்குள்ளேயே நெருப்பில் ஒழுகி ஆவியாகிறது என்று அவர் மனதில் பட்டது. பார்க்க வேண்டுமென்றால் பர்னரை அணைத்து, ஆறவிட்டு, முன்கதவைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஒரு பகல் வேலை போய்விடும். அதைத் தானாகச் செய்ய அவருக்கு அதிகாரமில்லை. மீட்டரை மட்டும் அடிக்கடி போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜருக்கும் மீட்டர் விஷயம் எட்டியிருந்தது. அவர் இன்ஜினியரிடம் கேட்க, இன்ஜினியர் ஒரு நாள் காலையில் பாய்லர் அறைக்கு ஃபோன் போட்டார். மேனேஜர் குழாய்களைப் பற்றிக் கவலைப்படுகிறார், உள்ளே லீக் இருக்கும் என்று நினைக்கிறாயா என்று கேட்டார்.

பாய்லர்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஐ டவுட் எ லீக், சார்” என்றார்.

“ஸோ டூ ஐ” என்றார் இன்ஜினியர். எனக்கும் அப்படித்தான். கொஞ்சம் பொறுத்து, “கேரி ஆன், தென்” என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டார்.

பாய்லர்காரருக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. இன்ஜினியருக்கும் அதே டவுட். நடத்து என்றும் சொல்லிவிட்டார். வேறென்ன வேண்டும். பர்னரை அணைத்தார். நீராவி முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஸ்பேனர்களை எடுத்து வரிசையாக வைத்தார்.

முதலில் உருளை இஸ்திரிதான் காட்டிக்கொடுத்தது. மொடமொடவென்று வந்துகொண்டிருந்த விரிப்பு தொளதொளவென்று வந்தது. பிறகு ஈரமாகவே வந்தது. சலவை இயந்திரங்களில் வெந்நீர் பச்சைத் தண்ணீராயிற்று. மடிப்பு மேசையில் இருந்த பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஈரத் துணி மலைபோலக் குவிந்தது. மேனேஜர் பின்கட்டுக்கு ஓடி வந்து பார்த்தபோது பாய்லர்காரர் முக்காலியில் உட்கார்ந்து, பாய்லர் ஆறுவதற்காகக் காத்திருந்தார். மேனேஜர் நின்றவாக்கில் இன்ஜினியருக்கு ஃபோன் போட்டார்.

இன்ஜினியர் பக்கத்து ஆலையிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்தவர் கத்தவில்லை. பாய்லரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். கேரி ஆன் என்றுதானே சொன்னேன் என்று கேட்டார்.

“யெஸ் சார். ஐ கேரி ஆன்” என்றார் இவர், ஸ்பேனரைக் காட்டி.

லீக்கை டவுட் பண்ணுவதாகச் சொன்னாயே என்றார் இன்ஜினியர்.

“யெஸ் சார். ஐ டவுட். நவ் ஆல்ஸோ ஐ டவுட்.”

இன்ஜினியர் குனிந்து நீராவி முள்ளைப் பார்த்தார். மேனேஜருக்குத்தான் ஆற்றமாட்டாமல் போயிற்று. இன்ஜினியரே நடத்தச் சொன்னார் என்று இவர் திரும்பத் திரும்பச் சொல்ல, மேனேஜர் ஒவ்வொரு வார்த்தையாக அழுத்தி, “யூ எக்ஸ்பெக்ட் மீ டு பிலீவ் தட்?” என்றார். நான் அதை நம்புவேன் என்று எதிர்பார்க்கிறாயா என்பது அதன் அர்த்தம். கேள்வி கேட்டால் பதில் சொல்வதுதானே மரியாதை. பாய்லர்காரர் மனதாரச் சொன்னார், “யெஸ் சார்.” கதவருகே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். மேனேஜரின் முகம் செக்கச்செவேலென்று ஆனது.

எப்படியும் ஆறிவிட்டது, திறந்தே பார்த்துவிடலாம் என்று இன்ஜினியர் சொன்னார். இரண்டு பேருமாகக் கதவைக் கழற்றினார்கள். பாய்லர்காரர் டார்ச்சை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு குழாயாக, மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரைக்கும், தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். புகைக்கரி இருந்தது. ஈரம் இல்லை, நீர்க் கறை இல்லை, ஒரு பொட்டு இல்லை. எல்லாம் சருகு மாதிரி உலர்ந்து கிடந்தன. டார்ச்சை இன்ஜினியர் கையில் கொடுத்தார். அவரும் பார்த்தார். இரண்டு பேருமாகக் கதவைத் திரும்ப மாட்டினார்கள்.

தண்ணீர் போன இடத்தை அன்று பிற்பகலே இன்ஜினியர் கண்டுபிடித்துவிட்டார். பாய்லரைத் திரும்ப ஏற்றியதும், தண்ணீர் தொட்டிக்குத் திரும்பி வரும் குழாயைத் தொட்டுக்கொண்டே நடந்து போனார். உருளை இஸ்திரிக்குப் பின்னால், தரையோடு தரையாக ஒரு சின்ன வடிகால் வால்வு பாதி திறந்து, தண்ணீர் ஓசைப்படாமல் சாக்கடைக்குள் போய்க்கொண்டிருந்தது. தரை கழுவும் அம்மா ஒரு வாளி வெந்நீருக்காகத் திறந்திருக்கிறாள், சரியாக மூடவில்லை. அவ்வளவுதான். இன்ஜினியர் அதை இறுக்கி மூடிவிட்டு, கைப்பிடியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

பாய்லர்காரருக்குத் தண்டனையாக இரண்டு மாதம் முன்கட்டில் தள்ளுவண்டி வேலை என்று மேனேஜர் முடிவு செய்தார். உத்தரவு இல்லாமல் பாய்லரை அணைத்தது ஒரு குற்றம். அதைவிட, இன்ஜினியர் மேல் பழி போட்டுப் பொய் சொன்னது பெரிய குற்றம். முதல் குற்றம் அவருக்கு உறைத்தது. உள்ளே ஒன்றுமில்லை என்பதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார் அல்லவா. இரண்டாவது என்னவென்றே புரியவில்லை.

சாயங்காலம் வீட்டில் அவர் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். மனைவி தைத்துக்கொண்டிருந்தாள். ஆலை முழுக்கத் தெரிந்த கதை அவளுக்கும் தெரியும். மச்சினி வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக ஆரம்பித்தாள். அவளுடைய ஹோட்டலுக்கு அன்று மாற்று விரிப்பே வரவில்லை. வந்திறங்கிய விருந்தாளிகளை அறைக்கு அனுப்ப முடியாமல் கூடத்தில் உட்கார வைத்து, ஒவ்வொருவரிடமும் சலவை ஆலையில் பாய்லர் கோளாறு என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறதாம். ஒருத்தர்கூட நம்பவில்லையாம். யாரோ ஒரு மடையன் பாய்லரை அணைத்துவிட்டானாம் என்று அவள் சொல்ல, அக்கா கண்ணைக் காட்டினாள். மச்சினி திரும்பி அத்தானைப் பார்த்தாள்.

பிறகு அவர் நடந்ததை முதலிலிருந்து சொன்னார். ஃபோனில் பேசிய பேச்சை அட்சரம் பிசகாமல் சொன்னார். ‘ஐ டவுட் எ லீக்’ என்ற இடத்தில் மச்சினி கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“அத்தான், நீங்க என்ன சொல்ல நெனச்சீங்க?”

“லீக் இருக்கும்னு டவுட்டா இருக்குன்னு.”

“நீங்க சொன்னதுக்கு அது அர்த்தம் இல்ல. லீக் இருக்கும்னு எனக்குத் தோணலைன்னு அர்த்தம்.”

அவர் சிரித்தார். டவுட் என்றால் சந்தேகம், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்றார். மச்சினி பொறுமையாக விளக்கினாள். நம் ஊர்ப் பேச்சில் திருட்டு நடந்த வீட்டில் ஒருத்தன் மேல் சந்தேகம் என்றால், அவன்தான் எடுத்திருப்பான் என்று அர்த்தம். இங்கிலீஷில் ஒரு விஷயத்தை டவுட் பண்ணுகிறேன் என்றால், அது அப்படி இருக்காது என்று அர்த்தம். இவர் லீக் இருக்கும் என்று சொல்ல, இன்ஜினியர் காதில் லீக் இருக்காது என்று விழுந்திருக்கிறது. எனக்கும் அப்படித்தான், லீக் இருக்காது, வேலையைத் தொடர்ந்து ஓட்டு என்று அவர் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஆமாம் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போயிருக்கிறார்கள்.

அவர் பழசையெல்லாம் நினைத்துப் பார்த்தார். வேலை பழகிய காலத்திலிருந்து ‘பம்ப் டவுட்டு, வால்வு டவுட்டு’ என்றுதான் கேட்டிருக்கிறார், சொல்லியிருக்கிறார். அது இங்கிலீஷ் வார்த்தை என்பதால் இங்கிலீஷ்காரனிடமும் செல்லுபடியாகும் என்று இருந்துவிட்டார். பிறகு மெதுவாக, அப்படியானால் ‘இஃப் யூ ஸே ஸோ’ என்பது என்ன என்று கேட்டார்.

மச்சினி அக்காவைப் பார்த்தாள். வரவேற்பு மேசையில் நாள் முழுக்க நிற்கிறவளுக்கு அந்த ஜாதி வார்த்தைகள் அத்தனையும் அத்துப்படி. விருந்தாளிகள் நேராக நீ பொய் சொல்கிறாய் என்று சொல்ல மாட்டார்கள். ‘ரியலி?’ என்பார்கள். குரல் மேலே போனால் ஆச்சரியம், தட்டையாக விழுந்தால் அவநம்பிக்கை. ‘ஆர் யூ ஷ்யூர்?’ என்பார்கள். ‘யூ மஸ்ட் பி ஜோக்கிங்’ என்று, விளையாடாதே என்கிற மாதிரி சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இளவட்டங்கள் ‘யா, ரைட்’ என்பார்கள். யா என்றாலும் ஆமாம், ரைட் என்றாலும் சரி. இரண்டையும் சேர்த்து இழுத்துச் சொன்னால் சுத்தப் பொய் என்று பொருள். அன்று ஒரு நாளிலேயே அவள் எல்லாவற்றையும் வரிசையாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். ‘இஃப் யூ ஸே ஸோ’வும் அதே குடும்பம்தான். எனக்கு நம்பிக்கையில்லை, ஏதோ நீ சொல்கிறாய், போகட்டும் என்று அர்த்தம்.

“எப்பவும் அப்படி இல்ல அத்தான்” என்று அவள் கடைசியில் சமாதானமாகச் சேர்த்துக்கொண்டாள். “சொல்ற விதத்தைப் பொறுத்தது.”

இன்ஜினியர் சொல்கிற விதம் அவருக்கு நினைவிருந்தது. மெல்லிய குரல், கடைசியில் ஒரு சின்னப் பெருமூச்சு. அவர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டிருந்தார். தள்ளுவண்டி வேலை கிடைத்ததில்கூட இவ்வளவு வலிக்கவில்லை.

“இத்தனை வருஷமா அந்த மனுஷன் என்னை நம்பவே இல்லையா?” என்றார்.

மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். “நானும்தான் கல்யாணம் ஆனதுலேருந்து ‘நீங்க சொன்னா சரிதான்’னு சொல்லிட்டிருக்கேன். அதையும் நம்பிட்டீங்களா?”

மச்சினி சிரிப்பை அடக்க முடியாமல் மாடிக்கு ஓடிவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி அதைப் பார்த்தாள். எழுந்து போய் அவருக்குப் பிடித்த மாதிரி காபி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள்.

மறுநாள் காலையில், வண்டி தள்ளப் போகும் முன் அவர் இன்ஜினியரைத் தேடிப் போனார். மச்சினி தானும் வருவதாகச் சொன்னதை வேண்டாம் என்றுவிட்டார். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனதை நின்றவாக்கில் ஒப்பித்தார். மை லாங்குவேஜ், டவுட் மீன்ஸ் ஐ திங்க் யெஸ். யுவர் லாங்குவேஜ், டவுட் மீன்ஸ் ஐ திங்க் நோ.

இன்ஜினியர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். “ரியலி?” என்றார்.

பாய்லர்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும், அந்தக் குரல் மேலே போனதா தட்டையாக விழுந்ததா என்று பிடிபடவில்லை. கூச்சத்தை விட்டுக் கேட்டேவிட்டார். நம்புகிற ரியலியா, நம்பாத ரியலியா, சார்?

இன்ஜினியர் சிரிக்கவில்லை. நம்புகிற ரியலிதான் என்றார். அவரை உட்காரச் சொல்லி, மேசையில் விரலால் தட்டிக்கொண்டே ஏதோ யோசித்தார். போன வருஷம் தண்ணீர் பம்ப் விஷயத்தில் என்ன சொன்னாய் என்று கேட்டார். இவர் யோசித்துச் சொன்னார், பேரிங் கெட்டிருக்குமா என்று கேட்டீர்கள், ஐ டவுட் என்று சொன்னேன். பேரிங்கில் ஒன்றுமில்லை என்று நீ சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன், நாலு நாளில் பேரிங் உடைந்தது என்றார் இன்ஜினியர். அதற்கு முந்தி விசிறி மோட்டார். அதற்கும் முந்தி ஒரு வால்வு. இந்த ஆள் எதை நன்றாயிருக்கிறது என்கிறாரோ அது கட்டாயம் கெட்டுப்போகும் என்று அவர் மனதில் ஒரு கணக்கு விழுந்துவிட்டதாம்.

பாய்லர்காரர் அப்போதுதான் கேட்க நினைத்ததைக் கேட்டார். இஃப் யூ ஸே ஸோ என்று சொன்னபோதெல்லாம் நீங்கள் என்னை நம்பவில்லையா?

இன்ஜினியரின் காது மடல் சிவந்தது. “மோஸ்ட்லி, நோ” என்றார். பெரும்பாலும் இல்லை.

மழுப்பாமல் சொன்னாரே என்று இவருக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது, இன்னொரு விதத்தில் முள்ளாகத் தைத்தது. தேங்க் யூ சார் என்று சொல்லிவிட்டு வண்டி தள்ளப் போனார்.

இன்ஜினியர் மேனேஜரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். மேனேஜர் மசியவில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஜோடித்த கதை என்றார். ஒரு வார்த்தைக்கு ஒரே நேரத்தில் ஆமாம், இல்லை என்று இரண்டு அர்த்தமாம், இதை நான் நம்ப வேண்டுமாம் என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். தண்டனை குறையவில்லை. பொய் சொன்னார் என்ற வாசகத்தை மட்டும் இன்ஜினியர் விடாப்பிடியாக நின்று எடுக்க வைத்தார்.

தள்ளுவண்டி வேலையில் முதல் வாரம் இடுப்பு ஒடிந்தது. ஈர விரிப்பு இவ்வளவு கனக்கும் என்று பின்கட்டில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தரை கழுவும் அம்மா ஒரு நாள் ஓரமாக வந்து நின்று, “தம்பி, அந்த வால்வைத் திறந்தது நான்தான். என்னாலதான் உனக்கு இந்தக் கஷ்டம்” என்று கண் கலங்கினாள். அவர் பதறிப்போய், உங்களால் இல்லை, என் வாயால் வந்தது என்று சொல்லி அனுப்பினார். மடிப்பு மேசைப் பெண்கள் சில நாள் அவரைப் பார்க்கும்போதெல்லாம் ‘யெஸ் சார், ஐ டவுட் சார்’ என்று கேலி பேசினார்கள். அவரும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்ததும் அவர்களுக்கு அதில் ருசி போய்விட்டது.

இரண்டு மாதம் கழிந்து பாய்லருக்குத் திரும்பினார். ஃபோனில் பேசும்போது அந்த வார்த்தையை இரண்டு பேருமே தொடுவதில்லை. ‘ஐ திங்க் யெஸ்’, ‘ஐ திங்க் நோ’ என்று மட்டும் சொல்வது என்று தீர்மானித்துக்கொண்டார்கள். இன்ஜினியருக்கு முதலில் அது கஷ்டமாகத்தான் இருந்தது. நம்பிக்கையில்லை என்பதை நேராகச் சொல்லிப் பழக்கமில்லாத வாய் அது. சொல்ல வேண்டி வந்தால் கொஞ்சம் இருமிவிட்டு, “ஐ திங்க் நோ” என்பார். இவருக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் ஏன் சார் என்று கேட்க ஒரு வழி கிடைத்தது. கேட்டால் இன்ஜினியர் காரணம் சொல்வார். சில தடவை அவர் பக்கம் சரியாக இருக்கும், சில தடவை இவர் பக்கம்.

ஒரு முறை மேனேஜரே பின்கட்டுக்கு வந்தார். இன்ஜினியர் விடுப்பில் இருந்தார். புகைபோக்கியில் கறுப்புப் புகை வருகிறதென்று பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் புகார் சொல்லியிருந்தார்கள். பர்னர் கெட்டுவிட்டதா என்று மேனேஜர் கேட்டார். ஐ திங்க் நோ, எண்ணெய் வடிகட்டி அடைத்திருக்கும் என்றார் பாய்லர்காரர். மேனேஜர் இமைக்காமல் பார்த்து, “ஆர் யூ ஷ்யூர்?” என்றார்.

அது உண்மையாகவே கேட்கிற கேள்வியா, நம்பாத கேள்வியா என்று அவர் ஆராயவில்லை. எந்தக் கேள்வியாக இருந்தாலும் தன்னிடம் இருப்பது ஒரு பதில்தான் என்று தோன்றியது.

“நாட் ஷ்யூர், சார். ஒன்லி திங்க்” என்றார்.

மேனேஜர் தலையாட்டினார். சரி, வடிகட்டியை முதலில் பார், அதில் இல்லையென்றால் பர்னருக்கு ஆளைக் கூப்பிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ததில் புகை பாதி குறைந்தது. மீதிப் பாதிக்குப் பர்னர்காரனைக் கூப்பிட வேண்டித்தான் வந்தது.